பஞ்சு நிறைத்த சிறிய குரோஷே இதயம்: கூட்டலும் குறைத்தலும்

குமரி மாவட்டத்துக்கு நூல்வேலை புதிதன்று. 1819ஆம் ஆண்டு லண்டன் மிஷனரி சங்கத்தின் சார்பில் நாகர்கோவிலுக்கு வந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், தாம் நடத்திய பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அன்றைய திருவிதாங்கூரில் அடிமை நிலையில் இருந்த பெண்கள் சிலர், அந்த வேலையில் ஈட்டிய பணத்தைக் கொண்டே தங்கள் விடுதலையை வாங்கினார்கள். அந்த லேஸ், திண்டு ஒன்றின் மேல் குண்டூசிகளைக் குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய பல நூல்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றிப் போட்டுச் செய்யப்படுவது. குரோஷே அதிலிருந்து வேறுபட்டது. இதற்கு ஒரே ஒரு நூலும், நுனியில் கொக்கியுள்ள ஒரே ஒரு ஊசியும் போதும். நம் ஊர் வீடுகளில் குரோஷே என்றால் மேசை விரிப்பும் தலையணை உறை ஓரமும்தான் நினைவுக்கு வருகின்றன, அவை தட்டையானவை. அதே ஊசியால் உருண்டு திரண்ட ஒரு பொருளை எப்படிப் பின்னுவது என்பதைப் புரிந்துகொள்ள, பஞ்சு நிறைத்த ஒரு சிறிய இதயத்தைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. ஜப்பானில் அமிகுருமி என்று அழைக்கப்படும் பொம்மைப் பின்னலின் அடிப்படைகள் அனைத்தும் இந்தச் சிறு பொருளுக்குள் அடங்கிவிடுகின்றன.

முதலில் பின்னலின் தன்மையைப் பார்த்துவிடலாம். குளச்சலிலும் முட்டத்திலும் கரையில் அமர்ந்து வலை செப்பனிடுவதைக் கண்டவர்களுக்கு, வலையின் ஒவ்வொரு கண்ணியும் ஒரு முடிச்சால் பூட்டப்பட்டிருப்பது தெரியும். ஓரிடத்தில் அறுந்தாலும் அடுத்த கண்ணி அவிழாது. குரோஷேயில் முடிச்சு என்பதே கிடையாது. ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையத்தை இழுத்து, அதற்குள் அடுத்ததை இழுத்துச் செல்கிறோம். கடைசி வளையத்திலிருந்து ஊசியை எடுத்துவிட்டு நூலை இழுத்தால், பின்னிய அனைத்தும் வந்த வழியே பிரிந்துவிடும். தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி. எண்ணிக்கை பிசகினால் பிசகிய இடம் வரை பிரித்து, அதே நூலால் மீண்டும் பின்னிக்கொள்ளலாம்.

இதயத்துக்குத் தேவையான கண்ணி வகை ஒன்றே ஒன்று: சிங்கிள் குரோஷே. முந்தைய சுற்றின் கண்ணியை மேலிருந்து பார்த்தால் இரண்டு இழைகள் தெரியும். அவ்விரண்டுக்கும் அடியில் ஊசியைச் செருகி, நூலைக் கொக்கியில் மாட்டி வெளியே இழுத்தால், ஊசியில் இரண்டு வளையங்கள் இருக்கும். மறுபடியும் நூலை மாட்டி, அவ்விரண்டின் வழியாகவும் ஒருசேர இழுத்துவிட்டால் ஒரு கண்ணி முடிந்தது. இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். அமெரிக்க முறையில் எழுதப்பட்ட குறிப்புகள் சிங்கிள் குரோஷே என்று சொல்லும் இதே கண்ணியை, பிரிட்டிஷ் முறையில் எழுதப்பட்டவை டபுள் குரோஷே என்று சொல்கின்றன. இரண்டு வகைக் குறிப்புகளும் நம் கைக்கு வந்து சேர்வதால், எந்த முறை என்று பார்க்காமல் தொடங்கினால் கண்ணி உயரமாகி, இடைவெளிகள் பெரிதாகி, உள்ளே இருக்கும் பஞ்சு வெளியே தெரியும். இந்தக் கட்டுரையில் வருவது அமெரிக்க வழக்கு.

இனி இதன் மையக் கருத்துக்கு வரலாம். பின்னல் வட்டமாகச் சுற்றிச் சுற்றி வளரும்போது, ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை கண்ணிகள் கூடுகின்றன என்பதே பெரும்பாலும் அதன் வடிவத்தை முடிவு செய்கிறது. வட்டத்தின் சுற்றளவு, ஆரத்தைப் போல 2π மடங்கு, அதாவது ஏறத்தாழ 6.28 மடங்கு என்பது பள்ளியில் படித்ததே. சிங்கிள் குரோஷே கண்ணியின் உயரமும் அகலமும் கிட்டத்தட்டச் சமம். எனவே ஒரு சுற்று கூடும்போது ஆரம் ஒரு கண்ணியளவு கூடுகிறது. வட்டம் தட்டையாகவே இருக்க வேண்டுமானால் சுற்றளவு சுமார் ஆறு கண்ணியளவு கூட வேண்டும். அதனால்தான் ஆறு கண்ணிகளில் தொடங்கி 12, 18, 24 என்று ஆறு ஆறாகக் கூட்டுகிறார்கள். யாரோ வகுத்துவைத்த சடங்கு அன்று அது, வட்டத்தின் கணக்கு. கூட்டுவதை நிறுத்திவிட்டு அதே எண்ணிக்கையில் பின்னினால், ஓரம் மேலெழும்பி வட்டம் கிண்ணமாகிறது, பிறகு குழலாக நீள்கிறது. எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே வந்தால் குழல் ஒடுங்கி மூடுகிறது. தேவைக்கு மேல் கூட்டினால் ஓரம் பாவாடைச் சுருக்கமாக அலையடிக்கும். இந்த அலையடிப்பைப் பயன்படுத்தியே, கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த லாத்வியரான டைனா டைமினா, அதிபரவளையத் தளம் என்னும் வளைந்த வடிவத்தைக் கையால் தொட்டுப் பார்க்கும்படி 1997இல் குரோஷேயில் பின்னிக் காட்டினார். இதயத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தட்டை, கிண்ணம், ஒடுக்கம் என்ற மூன்று நிலைகளையும் வரிசையாக அமைத்தால் இதயம் கிடைத்துவிடும்.

கூட்டுவது எளிது: ஒரே கண்ணிக்குள் இரண்டு சிங்கிள் குரோஷே போட்டால் ஒன்று இரண்டாகிறது. குறைப்பதில்தான் கவனம் வேண்டும். அடுத்த இரண்டு கண்ணிகளின் முன்பக்க இழைகளை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஊசியில் கோத்து, நூலை மாட்டி அவ்விரண்டு இழைகள் வழியாகவும் இழுத்து, பிறகு ஊசியில் எஞ்சியிருக்கும் இரண்டு வளையங்களையும் வழக்கம்போல் முடிக்க வேண்டும். முழுக் கண்ணிகளையும் கோத்துக் குறைத்தால் அந்த இடம் தடித்து, பக்கத்தில் ஓட்டை விழும். முன்பக்க இழையில் குறைத்தால் குறைத்த இடமே கண்ணுக்குத் தெரியாது.

பொருள்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் போன்ற ஊர்களில் தையல் சாமான் விற்கும் ஃபேன்சி கடைகளில் உல்லன் நூல் என்று கேட்டால் கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக் நூல்தான். பழகுவதற்கு அது போதும், அதுவும் வெளிர் நிறமாக இருந்தால் கண்ணிகளை எண்ணுவது சுலபம். கறுப்பும் கருநீலமும் தேர்ந்த கைகளையே சோதிக்கும் நிறங்கள். நடுத்தரத் தடிமனுள்ள நூலுக்கு 4 மில்லிமீட்டர் ஊசி என்று உறையில் அச்சிட்டிருந்தாலும், பஞ்சு அடைக்கும் பொருளுக்கு 2.5 அல்லது 3 மில்லிமீட்டர் ஊசியையே எடுக்க வேண்டும். கண்ணிகள் நெருக்கமாக அமைவதே இங்கு முக்கியம். கடற்கரையை ஒட்டி வசிப்பவர்கள் எஃகு ஊசியைவிட அலுமினிய ஊசியை வாங்குவது நல்லது. உப்புக்காற்றில் எஃகு துருப்பிடித்தால், அந்தக் கறை வெளிர் நிற நூலில் ஏறிவிடும். இவை தவிர, காது பெரிதாகவும் முனை மழுங்கியதாகவும் உள்ள ஒரு தையல் ஊசி, சுற்றின் தொடக்கத்தை அடையாளம் வைக்க ஓர் ஊக்கு, கத்தரிக்கோல் ஆகியவை வேண்டும்.

உள்ளே எதை நிறைப்பது என்பது நம் மாவட்டத்தில் சற்று யோசிக்க வேண்டிய கேள்வி. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே பெய்யும் ஊர் என்பதால், ஆண்டில் பல மாதங்கள் காற்றில் ஈரம் இருந்துகொண்டே இருக்கிறது. பருத்திப் பஞ்சு ஈரத்தை உறிஞ்சிக் கட்டிதட்டிப் போகும். துவைத்தால் உட்புறம் காய்வதற்குள் பூசண வாடை வந்துவிடும். இலவம்பஞ்சு தண்ணீரை எளிதில் உறிஞ்சாது என்றாலும், அதன் இழைகள் குட்டையாகவும் வழவழப்பாகவும் இருப்பதால் கண்ணிகளின் இடைவெளி வழியே மெல்ல வெளியேறும். தலையணைக்கு நெருக்கமான துணி உறை இருப்பதால் அங்கே அது நன்றாக உழைக்கிறது, பின்னலுக்குப் பொருந்தாது. பொம்மைகளுக்குள் அடைக்கப்படும் பாலியெஸ்டர் பஞ்சே இங்கு ஏற்றது. பழைய தலையணை ஒன்றில் அது இருந்தால் அதையே பிய்த்து உதறி எடுத்துக்கொள்ளலாம். வெட்டிய நூல் துண்டுகளை அடைப்பதும் உண்டு. ஆனால் மேற்பரப்பு முண்டும் முடிச்சுமாகத் தெரியும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

இதயத்தின் மேற்பகுதியில் இரண்டு மேடுகள் உண்டு. அவற்றைத் தனித்தனியாகப் பின்னி, பிறகு ஒன்றாக்க வேண்டும். நூலை விரலில் ஒரு சுற்று சுற்றி, அந்த வளையத்துக்குள்ளிருந்து ஒரு சங்கிலிக் கண்ணி (நூலை மாட்டி, ஊசியிலுள்ள ஒரே வளையத்தின் வழியாக ஒருமுறை இழுப்பது) இழுத்து, வளையத்துக்குள்ளேயே ஆறு சிங்கிள் குரோஷே போட்டு, நூலின் தொங்கும் முனையான வால்நூலை இழுத்தால் நடுத்துளை மூடிக்கொள்ளும். இதைத்தான் மேஜிக் ரிங் என்கிறார்கள். இது கைக்கு வராதவர்கள் இரண்டு சங்கிலிகள் பின்னி, ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலிக்குள் ஆறு கண்ணிகளைப் போடலாம். நடுவில் ஒரு சிறு துளை எஞ்சும், அவ்வளவே. முதல் சுற்று ஆறு. இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் கூட்டினால் 12. மூன்றாம் சுற்றில் ஒரு கண்ணியில் ஒன்று, அடுத்ததில் கூட்டல் என்று ஆறு முறை செய்தால் 18. இதுவரை தட்டையான வட்டம். நான்காம், ஐந்தாம் சுற்றுகளில் கூட்டாமல் 18 கண்ணிகளையே பின்ன, வட்டம் சிறு கிண்ணமாகக் குவியும். சுற்று முடியும்போது அதை மூடி இணைக்காமல், திருகு போலத் தொடர்ந்து போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதனால் ஒரு சுற்று எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு சுற்றின் முதல் கண்ணியிலும் ஊக்கை மாட்டுவது இதற்காகத்தான். எண்ணிக்கை நினைவில் நிற்கும் என்று நம்பி ஊக்கை விட்டுவிடுபவர்களின் மேடுகள் இரண்டும் ஒன்றுபோல் அமைவதில்லை.

கிண்ணமாகும் கட்டத்தில் பின்னலின் எந்தப் பக்கம் வெளியே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வெளிப்பக்கத்தில் கண்ணிகள் சிறு சிறு அம்புமுனைகளாக வரிசையாகத் தெரியும். உட்பக்கத்தில் குறுக்குக் கோடுகள் தெரியும். குறுக்குக் கோடுகள் வெளியே இருந்தால் கிண்ணத்தை அப்படியே புரட்டிவிட்டால் போதும்.

முதல் மேடு முடிந்ததும் ஒரு சாண் நீளத்துக்கு நூலை விட்டு வெட்டி, கடைசி வளையத்தின் வழியாக இழுத்துவிட வேண்டும். இரண்டாம் மேட்டையும் அதேபோல் ஐந்து சுற்றுகள் பின்ன வேண்டும், ஆனால் நூலை வெட்டக் கூடாது. ஊசி அதிலேயே இருக்கட்டும். இனி வருவதுதான் பலரும் குழம்பும் இடம். இரண்டு மேடுகளையும் வெளிப்பக்கம் வெளியே இருக்கும்படி அருகருகே பிடித்துக்கொண்டு, ஊசியிலுள்ள நூலை முதல் மேட்டுக்குக் கொண்டுபோய், அங்கே வால்நூலுக்கு அடுத்துள்ள கண்ணியில் தொடங்கி 15 கண்ணிகள் பின்ன வேண்டும். முதல் மேட்டில் மூன்று கண்ணிகள் பின்னப்படாமல் மீதமிருக்கும். அங்கிருந்து இரண்டாம் மேட்டுக்குத் திரும்பி, அதன் முதல் மூன்று கண்ணிகளை விட்டுவிட்டு, நான்காவதிலிருந்து கடைசி வரை 15 கண்ணிகள் பின்ன வேண்டும். இப்போது இரண்டு கிண்ணங்களையும் சேர்த்து வளைத்த 30 கண்ணிகளின் ஒரே சுற்று உருவாகிவிட்டது. விடப்பட்ட மூன்றும் மூன்றும் நடுவில் நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும். அங்கே ஒரு பிளவு தெரியும், அது பிழையன்று. இன்னொரு சுற்று 30 கண்ணிகளைக் கூட்டாமல் குறைக்காமல் பின்னிவிட்டு, முதல் மேட்டில் விட்டுவைத்த ஒரு சாண் வால்நூலைத் தையல் ஊசியில் கோத்து, எதிரெதிரான மூன்று ஜோடிக் கண்ணிகளையும் தைத்துவிட்டால் பிளவு மூடிக்கொள்ளும்; இதயத்தின் நடுப்பள்ளமும் அதே தையலால் அழகாக அமைந்துவிடும். மூன்று கண்ணிகளை விடாமல் 18ஐயும் 18ஐயும் முழுதாகச் சேர்ப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் இரண்டு மேடுகளும் ஒரே புள்ளியில் மட்டும் தொட்டுக்கொண்டு தளர்ந்து நிற்கும்.

கீழ்ப்பகுதியில் குறைத்தல் தொடங்குகிறது. எங்கே குறைக்கிறோம் என்பதில்தான் இதயத்தின் அழகு இருக்கிறது. சுற்று முழுவதும் சீராகப் பரப்பிக் குறைத்தால் அடிப்பகுதி கூம்பு போல உருண்டு, பம்பரத்தின் சாயல் வந்துவிடும். இதயம் முன்னும் பின்னும் சற்றுத் தட்டையாகவும், இரு விளிம்புகளில் மட்டும் சரிந்தும் இருக்க வேண்டும். ஆகவே குறைத்தல்கள் அனைத்தும் இரு விளிம்புகளிலும் குவிய வேண்டும். சுற்றின் தொடக்கம் இரண்டு மேடுகளுக்கும் நடுவில் இருப்பதால் கணக்கு எளிது: ஒவ்வொரு மேட்டுக்கும் உரிய 15 கண்ணிகளின் நடுக்கண்ணிதான் அந்தப் பக்கத்து விளிம்பு. எட்டாம் சுற்றில் ஐந்து கண்ணிகள், ஒரு குறைத்தல், ஒரு கண்ணி, ஒரு குறைத்தல், ஐந்து கண்ணிகள்; இதையே அடுத்த பாதியிலும் செய்தால் 30 என்பது 26 ஆகிறது. ஒன்பதாம் சுற்றில் ஐந்துக்குப் பதில் நான்கு, மொத்தம் 22. பத்தாம் சுற்றில் மூன்று, மொத்தம் 18. பதினொன்றாம் சுற்றில் இரண்டு, மொத்தம் 14. பன்னிரண்டாம் சுற்றில் ஒன்று, மொத்தம் 10. பதின்மூன்றாம் சுற்றில் குறைத்தல், ஒரு கண்ணி, குறைத்தல் என்று இரண்டு முறை செய்ய, ஆறு கண்ணிகள் மிஞ்சும். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு விளிம்பும் ஒரு கண்ணியளவு உள்ளே வர, உயரமும் ஒரு கண்ணியளவு கூடுவதால், விளிம்பு 45 பாகைச் சாய்வில் இறங்குகிறது. இரு விளிம்புகளும் சந்திக்கும் அடிமுனை ஏறத்தாழச் செங்கோணமாக அமைகிறது. தாளில் இதயம் வரையும்போது, ஒரு மூலையில் நிற்கும் சதுரத்தின் மேலிரு பக்கங்களில் இரண்டு அரைவட்டங்களை ஒட்டவைப்பார்கள் அல்லவா, அதே வரைபடம்தான் இது.

திருகாகப் பின்னும்போது கண்ணிகள் ஒவ்வொரு சுற்றிலும் சிறிது வலப்பக்கம் சாயும். இடக்கையால் பின்னுபவர்களுக்கு இடப்பக்கம். அதனால் கீழே வர வர, குறைத்தல்கள் விளிம்பை விட்டு விலகுவது போலத் தோன்றலாம். அப்படித் தோன்றினால் பின்னலைத் தட்டையாக மடித்துப் பார்த்து, குறைத்தலை ஒரு கண்ணி முன்னே அல்லது பின்னே நகர்த்திக்கொள்ளலாம். சுற்றின் மொத்த எண்ணிக்கை மாறாத வரை குற்றமில்லை.

பஞ்சை அடைக்க வேண்டிய நேரம், 14 கண்ணிகள் மிஞ்சியிருக்கும் பதினொன்றாம் சுற்றின் முடிவு. அதற்கு முன்பே அடைத்தால் ஊசி பஞ்சில் சிக்கும்; அதற்குப் பிறகு விரல் நுழையாது. ஒரே கட்டியாகத் திணிக்காமல், சிறு சிறு துணுக்குகளாகப் பிய்த்து, முதலில் இரண்டு மேடுகளுக்குள்ளும் பென்சிலின் மழுங்கிய முனையால் தள்ளி, பிறகு நடுப்பகுதியை நிரப்ப வேண்டும். அழுத்திப் பார்த்தால் மெத்தென்று அமுங்கித் தானாக மீள வேண்டும். கண்ணிகளுக்கு நடுவே பஞ்சு வெள்ளையாகத் தெரிந்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள். எஞ்சிய இரண்டு சுற்றுகளையும் முடித்து, நுனிக்கும் ஒரு துணுக்குப் பஞ்சு வைத்து, ஒரு சாண் நூல் விட்டு வெட்டி, கடைசி ஆறு கண்ணிகளின் முன்பக்க இழைகளில் தையல் ஊசியைக் கோத்து இழுத்தால் வாய் சுருங்கி மூடிக்கொள்ளும். மீதி நூலை இதயத்தின் உடலுக்குள் செலுத்தி, வேறொரு பக்கத்தில் வெளியே எடுத்து, லேசாக இழுத்துப் பிடித்து ஒட்ட வெட்டினால் முனை உள்ளே போய் மறைந்துவிடும்.

மொத்தக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால், கூட்டலையும் குறைத்தலையும் சேர்த்து இந்த இதயத்தில் சரியாக 300 கண்ணிகள் இருக்கின்றன. நூலின் தடிமனையும் கை இறுக்கத்தையும் பொறுத்து, அகலம் ஆறு சென்டிமீட்டர் அளவுக்கு வரும். சாவிக்கொத்தில் தொங்கவிடலாம், டிசம்பரில் மாவட்டமெங்கும் வீடுகளில் வைக்கும் கிறிஸ்துமஸ் மரத்துக்குச் சிவப்பிலும் வெள்ளையிலும் சில பின்னி, மேலே ஒரு நூல்காது தைத்து மாட்டலாம். கைக்குழந்தைகளுக்குக் கொடுப்பதானால் மணி, பொத்தான், சாவி வளையம் எதையும் அதில் தைக்கக் கூடாது. அவை கழன்று வாய்க்குள் போகும்.

பெரிய இதயம் வேண்டுமென்றால் வேறொரு செய்முறையைத் தேட வேண்டியதில்லை. மேடுகளுக்கு நான்காவது சுற்றையும் கூட்டல் சுற்றாக்கி, இரண்டு கண்ணிகளுக்கு அடுத்து ஒரு கூட்டல் என்று பின்னி 24க்குக் கொண்டுவந்து, அதற்கு மேல் மூன்று சுற்றுகள் கூட்டாமல் பின்னினால் மேடு தயார். இணைக்கும்போது முன்போலவே மும்மூன்று கண்ணிகளை விட்டால், பாதிக்கு 21 ஆக, மொத்தம் 42 கண்ணிகள் கிடைக்கும். இணைத்த சுற்றுக்குப் பின் இரண்டு சுற்றுகள் அப்படியே பின்னிவிட்டு, எட்டு கண்ணிகள், குறைத்தல், ஒன்று, குறைத்தல், எட்டு கண்ணிகள் என்று தொடங்கி, அடுத்த சுற்றில் ஏழு, அதற்கடுத்து ஆறு என்று இறங்கினால், ஒன்பதாவது குறைத்தல் சுற்றில் மறுபடியும் ஆறு கண்ணிகளில் வந்து நிற்கும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: பாதிக்குரிய எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பில் நடுக்கண்ணி என்று ஒன்று இருக்காது. இன்னும் பெரிதாக 30 கண்ணி மேடுகளில் செய்பவர்கள் மும்மூன்று விட்டு, பாதிக்கு 27 என்று வைத்துக்கொண்டு, பதினொரு கண்ணிகளுக்குப் பிறகு முதல் குறைத்தலைத் தொடங்கலாம்.